ஆப்பசோடாவும் அயர்லாந்து ரொட்டியும்

பாரம்பரிய உணவு என்றதும் ஆயிரம் வருஷக் கணக்குச் சொல்வது நம் வழக்கம். அயர்லாந்தின் அடையாளம் என்று இன்று உலகம் போற்றும் சோடா ரொட்டிக்கோ இருநூறு வயதுகூட நிரம்பவில்லை.

அதற்கு முன் அந்நாட்டுச் சாமானியர் வீட்டில் ஓட்ஸ் மாவு அடைதான். நம் தோசைக்கல் போன்ற இரும்புக் கல்லில் வாட்டி, பிறகு அடுப்புக்கு எதிரே ஒரு தாங்கியில் சாய்த்து நிதானமாக உலர்த்துவார்கள். நாள்பட இருக்கும். துருவிய உருளைக்கிழங்கைப் பிழிந்து, மசித்த கிழங்கும் மாவும் கூட்டிச் சுடும் 'பாக்ஸ்டி'யும் உண்டு. கோதுமை ரொட்டி பெரும்பாலும் வசதி படைத்தவர்களுக்கே.

தானிய வியாபாரி என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாக் கோதுமையும் ஒன்றல்ல. ஈரமும் குளிருமான அயர்லாந்தில் விளைவது மென்கோதுமை. இழுத்தால் நீளும் பசைத்தன்மை அதில் குறைவு; ஈஸ்ட் போட்டால் சரியாக உப்பாது. 1830களில் சமையல் சோடா, அதாவது நம் ஆப்பசோடா, அங்கே புழக்கத்துக்கு வந்தது. மோரின் புளிப்போடு சேர்ந்ததும் அது கரியமில வாயுவை எழுப்பி மாவை உப்ப வைக்கும். இதற்கு மென்கோதுமையே போதும்.

மோருக்கும் குறைவில்லை. கார்க் நகர வெண்ணெய்ச் சந்தை 19ஆம் நூற்றாண்டில் உலகப் புகழ் பெற்றது. குத்தகை கட்ட வெண்ணெயை விற்றார்கள். கடைந்து மிஞ்சிய மோர் வீட்டுக்கு நின்றது.

செய்முறை எளிது. மாவு, உப்பு, சோடா, மோர் நான்குதான். அதிகம் பிசையாமல் லேசாகத் திரட்டி உடனே அடுப்பேற்ற வேண்டும். தாமதித்தால் வாயு போய்விடும். பெரும்பாலான வீடுகளில் ரொட்டி அடுப்பு கிடையாது. மூன்று கால் இரும்புச் சட்டியில் வைத்து மூடி, சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டியின் தணலைக் கீழேயும் மூடிமேலும் பரப்புவார்கள். சட்டியின் பெயர் 'பாஸ்டிபிள்'. இங்கிலாந்தின் பார்ன்ஸ்டேபிள் ஊர்ப் பெயரிலிருந்து வந்தது என்பர். ரொட்டிமேல் கீறும் சிலுவையை ஆசி என்பார்கள். தடித்த நடுப்பகுதி வேகவும் அதுவே வழி. வடக்கே அல்ஸ்டர் பகுதியில் வட்டத்தை நான்காக வெட்டிக் கல்லிலேயே சுடுவார்கள்.

1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பெரும்பஞ்சம் வந்தது. சுமார் பத்து லட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். கிழங்கையே நம்பியிருந்த வீடுகளில் அதன்பின் ரொட்டிக்கு இடம் பெருகியது. அமெரிக்கா போனவர்களின் வீடுகளில் திராட்சை, சர்க்கரை, முட்டையெல்லாம் அதில் சேர்ந்தன. அங்கே அதுவும் ஐரிஷ் ரொட்டிதான்.

சோடா தொழிற்சாலைச் சரக்கு; சட்டியின் பெயரோ அயலூருடையது. ஆனாலும் அந்த ரொட்டி அவர்களுடையது. ஏனென்றால் தலைமுறை தலைமுறையாக அவர்கள் கை அதைச் சுட்டது. மிக்ஸியில் அரைத்த சட்னியைப் பார்த்து 'பழமை போச்சு' என்று சலித்துக்கொள்ளும் என் வயசுக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பேரப்பிள்ளைகள் கையால் ஒரு ஆப்பம் ஊற்றினால் போதும், அது பாரம்பரியந்தான்.