கிளியும் எலியும்

கிளி என்றால் நமக்குப் பழமும் கொஞ்சலும் ஞாபகம் வரும். எலி என்றால் பொறிதான் ஞாபகம் வரும். இந்தப் பாரபட்சத்துக்கும் சரித்திரத்தில் ஒரு விலை உண்டு என்பது என் எண்ணம்.

நியூஸிலாந்தில் ககாபோ என்று ஒரு கிளி இருக்கிறது. உலகத்துக் கிளிகளிலேயே கனத்தது, பறக்கத் தெரியாதது, இரவில்தான் நடமாடும். மனிதன் வரும்வரை வௌவாலைத் தவிர வேறு பாலூட்டி விலங்கே அந்த நிலத்தில் இல்லை. யாருக்குப் பயந்து பறப்பது? மனிதனோடு எலி வந்தது, பூனை வந்தது, கீரியைப் போன்ற ஸ்டோட் வந்தது. 1894-இல் ரிச்சர்ட் ஹென்றி என்பவர் ரெஸலூஷன் தீவுக்குக் காவலராக நியமிக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான பறவைகளைப் படகில் கொண்டுபோய் அங்கே விட்டார். 1900-இல் ஸ்டோட் கடலை நீந்தி அந்தத் தீவுக்கும் போய்ச் சேர்ந்தது. பாவம், மனிதரின் உழைப்பெல்லாம் வீணாயிற்று. 1995-இல் மிஞ்சியவை 51 கிளிகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, பகையில்லாத தீவுகளில் குடியேற்றி, முட்டையைக்கூடக் காவல் காத்தார்கள். 2022-இல் 252 ஆயின.

இனி எலியின் கதை. ஆஸ்திரேலியாவின் வடக்கே, டாரஸ் ஜலசந்தியில், பிராம்பிள் கே என்று ஒரு மணல் திட்டு. அங்கே மட்டும் காணப்பட்ட மெலோமிஸ் என்ற எலியை 1845-இல் வெள்ளைக்கார மாலுமிகள் முதலில் கண்டார்கள். கண்டதும் வில்லும் அம்பும் எடுத்து வேட்டையாடினார்கள்! பிற்காலத்தில் கடல் நீர் ஏறி ஏறி, அது தின்ற செடிகளையெல்லாம் கருக்கிவிட்டது. 2008-இல் அதைக் காப்பாற்றச் சர்க்கார் ஒரு திட்டம் எழுதிற்று. 2009-இல் ஒருவர் கண்ணில் பட்டதே கடைசி. 2014-இல் ஆராய்ச்சியாளர்கள் பொறிகளோடு போனார்கள். கொல்வதற்கல்ல, ஒன்றாவது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. பொறிகள் காலியாகவே இருந்தன. 2019-இல் ஆஸ்திரேலிய சர்க்கார் அது அற்றுப்போயிற்று என்று அறிவித்தது.

கிளியின் பகையை நாலு காலில் பார்க்கலாம், பொறி வைத்துப் பிடிக்கலாம். கடலுக்குப் பொறி ஏது என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் நாலு ஜோடி எலியைக் கூண்டில் எடுத்து வர, கடலிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லையே? திட்டத்துக்கும் கடைசித் தேடலுக்கும் நடுவே ஆறு வருஷம் இருந்தது. கிளிகளுக்குக் கிடைத்தது காவல். எலிக்குக் கிடைத்தது காகிதம்.