பெயர் யாரை நோக்கிப் பேசுகிறது?

பெயர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'இதன் பொருள் என்ன, வேர்ச்சொல் என்ன' என்று கேட்டு அகராதியோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் பெயரும் ஒரு பேச்சுதான். பேச்சு என்றால் பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர் இருந்தாக வேண்டும். தகடூர் என்கிற தருமபுரிப் பகுதியையும் அதை ஒட்டிய நிலத்தையும் வைத்து இதை யோசித்துப் பார்க்கலாம்.

அசோகனின் பாறைச் சாசனம் சோழர், பாண்டியரோடு சேர்த்து 'சதியபுத' என்று ஒரு மரபைக் குறிப்பிடுகிறது. 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, இது தகடூரின் அதியமான் மரபே என்பதை உறுதிப்படுத்தியது. பிராகிருதத்தில் 'புத', தமிழில் 'மான்': இரண்டுக்கும் பொருள் மகன். இந்தப் பெயர் ஆளைச் சொல்வதைவிடக் குடியைச் சொல்கிறது. கேட்பவர்கள் மற்ற அரசர்கள்.

நடுகல் வேறு மாதிரி. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்தவன் கருந்தேவக்கத்தி. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாயின் பெயர் கோவிவன். இரண்டு பெயர்களும் கல்லில் இருக்கின்றன. இங்கே கேட்பவர்கள் ஊரும் இனி வரப்போகிறவர்களும். இப்படி ஒரு உயிர் இருந்தது, அது கணக்கில் வரும் என்கிறது கல். நாய்க்கும் அந்த மரியாதை கிடைத்தது.

மூன்றாவது வகை குப்பன், குப்பம்மாள், பிச்சை. பிறந்ததெல்லாம் தவறிப்போகிற வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுப்பார்கள். தவிட்டுக்குக் கொடுத்து வாங்குவதும் உண்டு. "குப்பையில கெடந்த புள்ளப்பா இது, ஒனக்கு எதுக்கு?" என்று சாவிடம் சொல்லும் பேச்சு அந்தப் பெயர். நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் 'மாலோமோ' என்றொரு பெயர் உண்டு. 'மறுபடி போய்விடாதே' என்று பொருள். அது குழந்தையிடமே கெஞ்சுகிறது. சொல் இழிவாக இருக்கலாம், எண்ணம் பிள்ளையைக் காப்பாற்றுவது.

காலனிய இனவரைவியல் 'இழிபெயர்கள்' என்று கட்டிய மூட்டைக்குள் 'வேண்டாம்' என்ற பெயரையும் போட்டுவிட்டால் காரியம் கெட்டுவிடும். தொடர்ந்து பெண்ணாகப் பிறந்தால் கடைசிப் பெண்ணுக்கு இப்படிப் பேர் வைப்பது வட மாவட்டங்களில் இருந்த வழக்கம். திருத்தணி அருகே நாராயணபுரத்தில் இது இருப்பது 2019இல் செய்தியானது. தெற்கே 'போதும்பொண்ணு'. சீனத்தில் 'ஜாவோதி', அதாவது 'தம்பியை அழைத்து வா'. இந்தப் பெயர்கள் சாவிடம் பேசவில்லை. தெய்வத்திடம் ஆண்பிள்ளை கேட்கின்றன. கூப்பிடும்போதெல்லாம் இன்னொருவனுக்கான வேண்டுதலாகவே அவள் அழைக்கப்படுகிறாள். குப்பனின் பெயர் அவனை இருக்கவைக்க; இவள் பெயர் இவளைத் தாண்டிப் போக.

மராட்டியத்தின் சாத்தாரா மாவட்டத்தில் 2011இல் 'நகுசா' (வேண்டாதவள்) என்ற வகைப் பெயர் கொண்ட 285 பெண்களுக்கு மாவட்ட நிர்வாகமே விழா நடத்திப் புதுப்பெயர் சூட்டியது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் சொல்லை மாற்றினால் பேச்சு நின்றுவிடுமா? நிலம் மகனுக்கு, நகையும் சீரும் மகளால் செலவு, கொள்ளி வைக்க ஆண் என்கிற கணக்குதான் அந்தப் பெயர்களைப் பேசவைத்தது.

தருமபுரியில் கேள்வி இன்னும் கடுமையானது. பேர் வைக்கும் நாள் வருமுன்னே பெண் சிசுக்கள் கொல்லப்பட்ட மாவட்டம் இது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கும் வந்தது. எருக்கம்பாலுக்கும் நெல்மணிக்கும் பலியானவர்களுக்குப் பதிவேட்டிலும் பெயரில்லை, வீட்டுப் பேச்சிலும் பெயரில்லை. 'வேண்டாம்' என்றாவது அழைக்கப்பட்டவள் உயிரோடு இருந்தாள்.

இன்று பெண்களின் பெயர்கள் அழகாகிவிட்டன. கருவின் பாலினத்தைச் சொல்லக்கூடாது என்று 1994இல் சட்டமும் வந்தது. ஆனாலும் பழைய பேச்சு அடங்கவில்லை. பெயரிலிருந்து ஸ்கேன் அறைக்கு இடம் மாறியிருக்கிறது. அங்கே 'வேண்டாம்' என்று சொல்லப் பெயர் என்ற ஒன்றே தேவைப்படுவதில்லை. பெயராய்வு இந்த இல்லாத பெயர்களையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.