பொன்மலைக் களம்

அமெரிக்க நாட்டிலே கெட்டிஸ்பர்க் என்றோர் ஊர். 1863 சூலை முதல் நாள் தொடங்கி மூன்று நாட்கள், அண்ணனும் தம்பியும் எதிரெதிர் அணியில் நின்ற உள்நாட்டுப் போரின் பெருஞ்சமர் அங்கே நடந்தது. மாண்டவர், காயமுற்றவர், சிறைப்பட்டவர், காணாமற்போனவர் ஏறத்தாழ 51,000 பேர். 1895 முதல் அக்களம் அரசு காக்கும் பூங்கா. பீரங்கி நின்ற இடத்தில் பீரங்கி. படை நின்ற இடத்தில் கல். அடிமை முறைக்காக மூண்ட போர் அது என்பதை அந்தக் கற்கள் நெடுங்காலம் உரக்கச் சொல்லவில்லை என்பது வேறு. ஆயினும் களம் இருக்கிறது. கேட்பவனுக்கு இடம் இருக்கிறது.

நமக்கு? கைலாசபுரத்து மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு சென்ற ஞாயிறன்று பொன்மலைக்குச் சென்றோம். ரயில்வே பணிமனையை அறியாதார் இல்லை. அந்தப் பாறையைக் கைப்பற்றவே 1753 சூன் 26 அன்று குருதி ஆறாய் ஓடியது என்றதும் பிள்ளைகள் விழித்தனர்.

ஆர்க்காட்டு நவாபு பதவிக்கு இருவர் போட்டி: சந்தா சாகிப், முகமது அலி. முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, பின்னவருக்கு ஆங்கிலேயர். திருச்சிக் கோட்டையைத் தருவதாக வாக்களித்து மைசூர்ப் படையை அழைத்தார் முகமது அலி. வென்றபின் தர மறுத்தார். அழைத்து வந்த படையே பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து பொன்மலையில் எதிரே நின்றது! லாரன்சின் படை பாறைமேல் ஏறி அதை மீட்டது.

சந்தா சாகிப் மட்டும் சளைத்தவரா? காப்பேன் என்று கூறித் திருச்சிக்குள் நுழைந்து, நாயக்க அரசி மீனாட்சியின் ஆட்சியை முடித்தவர் அவர். 1752 சூனில், திருவரங்கத் தீவில் முற்றுகையுண்டு, தஞ்சைத் தளபதி மானோஜியின் வாக்கை நம்பிச் சென்றார், தலையை இழந்தார். அந்நாட்களில் கோயில் மதில்களே படைகளுக்கு அரண். பள்ளிகொண்ட பெருமாளின் துயில் கலைந்ததாகச் செய்தி இல்லை.

"ஐயா, இதில் நம் ஆள் எந்தப் பக்கம்?" என்றான் ஒரு மாணவன்.

இரு பக்கமும்தான், தம்பி! வெள்ளையர் சிலநூறு, அவர்தம் கொடியின்கீழ்ச் சுட்டவனும் சுடப்பட்டவனும் இந்நாட்டுச் சிப்பாய். இங்கே லாரன்சுக்கு வலக்கையாய் நின்று வண்டி வண்டியாய் உணவு கொண்டுவந்து சேர்த்த யூசுப்கானையே, 1764இல் மதுரையில் தூக்கிலிட்டனர், அதே முகமது அலியும் ஆங்கிலேயரும். பாடநூலில் கிளைவின் ஆர்க்காடு இருக்கிறது. பொன்மலையோ, பெரும்பாலோர்க்கு ரயில் பெட்டிகளின் ஊர்.

மாலையில் நத்தர்வலி தர்காவுக்குச் சென்றோம். சந்தா சாகிபின் கல்லறை அங்கே. 1795இல் சென்னையில் இறந்த முகமது அலியையும் அங்கேயே கொணர்ந்து அடக்கம் செய்தனர். பகைவர் இருவரும் ஒரே வளாகத்தில்!

பேருந்துக்கு நேரமாயிற்று. அந்த மாணவன் மட்டும் குறிப்பேட்டை மூடவில்லை. எட்டிப் பார்த்தோம். "சிப்பாய்களைப் புதைத்த இடம் எது?" என்று எழுதியிருந்தான்.