பேர் எழுதப்படாத பாட்டிமார்



மலர்க் குழுவில் "சுதந்திரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுங்க" என்று என்னிடம் சொன்னார்கள். காந்தி, நேதாஜி, வ.உ.சி. என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருப்பதையே திரும்ப எழுத எனக்கு மனசு வரவில்லை. அது நம்ம பிள்ளைங்களுக்கே நல்லாத் தெரியும். ஆகஸ்ட் 15 அன்னைக்குக் கொடி ஏத்துறோம், மிட்டாய் கொடுக்குறோம், பத்து மணிக்கெல்லாம் அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிடறோம். ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு முன்னால் ஆறு வருஷம் உலகம் முழுக்க ஒரு பெரிய யுத்தம் நடந்தது. அதை நம்ம பாட்டிமாரும் கொள்ளுப்பாட்டிமாரும் சமையல்கட்டிலும் அரிசி வரிசையிலும் நின்று கடந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் பெரிதாக எழுதி வைக்கவில்லை. அதனால் அதையே எழுதலாம்னு உட்கார்ந்தேன்.

யுத்தம் நம்ம ஊருக்கு எங்கே வந்தது என்று சிலர் கேட்கலாம். கத்திப்பாராவிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் நந்தம்பாக்கத்தில் ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பஸ்ஸில் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருப்போம். ஏதோ வெள்ளைக்காரங்க இடம்னு நினைச்சு இறங்க மாட்டோம். போன வருஷம் ஒரு நாள் நான் இறங்கி உள்ளே போனேன். புல்வெளி, வரிசை வரிசையாகக் கல். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850 பேருக்கு மேல் அங்கே அடக்கமாகி இருக்கிறார்கள். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல இடுகாடுகளில் கிடந்தவர்களைப் பிற்பாடு இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களும் தனியாக ஒரு நினைவுச் சுவரில் இருக்கின்றன. அதிகாரியானாலும் சிப்பாயானாலும் கல் ஒரே உயரம். பேர், படைப்பிரிவு, இறந்த தேதி, பல கல்லில் வயசும் இருக்கிறது. 21, 23, 19 என்று படித்துக்கொண்டே போனால், நம்ம வீட்டுப் பையன்கள் வயசுதானே என்று தோன்றும். அந்தக் கல்லுகளை இன்றைக்கும் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான். கூடவே ஒரு கேள்வியும் வந்தது. அதே யுத்தத்தில் செத்த நம்ம ஜனங்களுடைய பேர் எங்கே இருக்கு?

மதராஸுக்கு யுத்தம் புதுசில்லை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டுவிட்டுப் போனது. கெட்டிக்காரத்தனமா காரியம் பண்ணுகிறவரை "அவ சரியான எம்டன்" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது அந்தக் கப்பல்தான். நம்ம குழுக்களிலேயே நாலைந்து எம்டன்கள் உண்டு, பேரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்!

இரண்டாவது யுத்தம் அப்படி ஒரு ராத்திரியோடு போகவில்லை. 1942 ஏப்ரல் 5-ம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது மதராஸ்தான் என்று பேச்சு கிளம்பியது. நகரத்தில் வேலை இல்லாதவர்கள் வெளியூர் போய்விடலாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. அரசு அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள். கூண்டு உடைந்து மிருகங்கள் தெருவுக்கு வந்துவிடும் என்று பயந்து, மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம் புலியைச் சுட்டுக் கொன்றார்கள். எழும்பூரிலிருந்து தெற்கே போன வண்டிகள் நம்ம தாம்பரம் வழியாகத்தான் போயின. அப்போது தாம்பரம் ஒரு சின்ன ஊர். 1931-ல் வந்த மின்சார ரயிலும், 1937-ல் இடம் மாறி வந்த கிறிஸ்தவக் கல்லூரியும்தான் அதற்கு அடையாளம்.

என் பாட்டி அப்போது சைதாப்பேட்டையில் இருந்தார். கைக்குழந்தையோடு ரயிலேறி மதுராந்தகம் பக்கம் தாய்வீட்டுக்குப் போனதைச் சொல்லுவார். அம்மி, குழவியைத் தூக்க முடியாமல் கிணத்தடியில் புதைத்துவிட்டுப் போனாராம். குண்டு விழுமோ என்பதைவிட, திரும்பி வரும்போது அம்மி இருக்குமா என்பதுதான் அவருக்குக் கவலை. கேட்டு நாங்க சிரிப்போம். இப்போது யோசித்தால், வீட்டை விட்டு ஓடுகிற எந்தப் பெண்ணுக்கும் கவலை அப்படித்தான் இருக்கும் என்று தெரிகிறது. அந்த ஏப்ரலில் ஜப்பான்காரன் மதராஸுக்கு வரவில்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து சில குண்டுகள் போட்டுவிட்டுப் போனது. ஜனங்க கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள்.

குண்டைவிடப் பெரிய அடி அரிசியில் விழுந்தது. அந்தக் காலத்தில் சென்னை மாகாணம் தின்ற அரிசியில் கணிசமான பங்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்தக் கப்பல் நின்றுபோனது. விலை ஏறியது, வியாபாரிகள் பதுக்கினார்கள், ராணுவத்துக்கும் கொள்முதல் நடந்தது. 1943-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்து 20 முதல் 30 லட்சம் பேர் செத்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த வருஷம் விளைச்சல் அப்படி ஒன்றும் அடியோடு போய்விடவில்லை என்று பிற்காலத்தில் ஆராய்ந்து எழுதினார் அமர்த்தியா சென். சோறு ஊரில் இருந்தது, ஏழை கைக்கு எட்டவில்லை. அதே வருஷம் மதராஸ் நகரத்தில் ரேஷன் முறை வந்தது. ஆமாம், நாம் மாசாமாசம் பை எடுத்துக்கொண்டு போய் நிற்கிற ரேஷன் கடைக்கு விதை போட்டது அந்த யுத்தம்தான்.

அதைக் "கன்ட்ரோல் காலம்" என்பார்கள். அரிசிக்குக் கன்ட்ரோல், சர்க்கரைக்குக் கன்ட்ரோல், மண்ணெண்ணெய்க்கு, துணிக்குக்கூட. ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்ததை வைத்து ஒரு வாரம் ஓட்டணும். அரிசி போதாத இடத்தில் பழக்கமில்லாத கோதுமையைக் கொடுத்தார்கள். அதை என்ன பண்றதுன்னே தெரியாமல் கஞ்சி காய்ச்சினார்கள். அந்தத் தட்டுப்பாட்டில்தான் அரிசிக்குப் பதில் ரவையைப் போட்டு ரவா இட்லி செய்தோம் என்று பெங்களூரு எம்.டி.ஆர். உணவகத்தார் சொல்கிறார்கள். கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார், வடித்த கஞ்சியோடு எழுந்து போனவர் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வீட்டில் பத்துப் பேருக்கு எட்டுப் பேர் சோறு இருந்தால் குறைகிற அந்த இரண்டு பேர் எப்போதும் பொம்பளைங்கதான். வரலாற்றுப் புத்தகத்தில் இந்தக் கணக்கு வராது.

பர்மா அரிசி நின்றதைச் சொன்னேன். பர்மாவில் இருந்த நம்ம ஜனங்க என்ன ஆனாங்க? 1931 கணக்கெடுப்புப்படி அங்கே இந்தியர்கள் 10 லட்சத்துக்கு மேல், அதில் தமிழர்கள் ஏராளம். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்ததும் கப்பலில் இடம் கிடைத்தவர்கள் பணம் உள்ளவர்கள். மற்றவர்கள் நடந்தார்கள். மலையும் காடும் தாண்டி, மழையில், மலேரியாவிலும் காலராவிலும் விழுந்து விழுந்து நடந்தார்கள். நாலு லட்சம் பேருக்கு மேல் தரைவழியாக இந்தியா வந்தார்கள் என்கிறார்கள். வழியிலேயே போனவர்கள் ஆயிரக்கணக்கில்.

மலேயா ரப்பர் தோட்டங்களில் இருந்தவர்கள் கதை இன்னும் கொடுமை. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டருக்கு ஜப்பான் ராணுவம் ஒரு ரயில்பாதை போட்டது. 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நல்ல சம்பளம், மூணு மாசத்தில் திரும்பிடலாம் என்று சொல்லியும், அப்புறம் லாரியில் ஏற்றியும் தோட்டத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். சயாம் மரண ரயில் என்று தமிழில் சொல்வது அதைத்தான். அங்கே இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். அவர்களுக்கு நந்தம்பாக்கத்தில் இருப்பதுபோலவே கல்லறையும் கல்லும் உண்டு. அவர்களைவிடப் பல மடங்கு செத்தவர்கள் தமிழர், பர்மியர், ஜாவாக்காரர் போன்ற கூலித் தொழிலாளிகள். அவர்கள் பேரை யாரும் எழுதி வைக்கவில்லை. தோட்டத்தில் விடப்பட்ட பெண்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். புருஷன் செத்துவிட்டானா, வருவானா என்று தெரியாமலே எத்தனை வருஷம் பொட்டு வைத்திருந்தார்களோ.

அதே தோட்டங்களிலிருந்துதான் இன்னொரு கூட்டமும் கிளம்பியது. 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜி ஜான்சி ராணிப் படையைத் தொடங்கினார். தலைமை ஏற்றவர் கேப்டன் லட்சுமி. 1914-ல் நம்ம மதராஸில் பிறந்து, ராணி மேரி கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் படித்து டாக்டரானவர். படையில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர் வீட்டுத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்தே இராதவர்கள். முடியை வெட்டி, கால்சட்டை போட்டு, துப்பாக்கி சுடப் பழகினார்கள். 1945-ல் பர்மாவிலிருந்து பின்வாங்கும் வழியில் ரயில் தாக்கப்பட்டு ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு பெண்கள் இறந்தார்கள். அந்த இரண்டு பேராவது மிஞ்சியது.

புருஷனை ரயில்பாதைக்கு இழுத்துப் போனது ஜப்பான். பெண்ணுக்குத் துப்பாக்கி கொடுத்த படையும் ஜப்பானோடு சேர்ந்து நின்றது. அதே நேரம் இந்தப் பக்கம் பிரிட்டிஷ் கொடியின் கீழ் 25 லட்சம் இந்தியர்கள் ராணுவத்தில் இருந்தார்கள். ஒரே ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பக்கமும். யார் சரி என்று இப்போது ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன்: எந்தப் பக்கம் நின்றாலும், முடிவு எடுத்த இடத்தில் நம்ம பெண்களைக் கேட்டவர் யாரும் இல்லை. ஓட்டே இல்லையே! சென்னை மாகாணத்தில் 1921-லேயே பெண்களுக்கு ஓட்டு வந்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். சொத்து இருப்பவர்களுக்கும் வரி கட்டுபவர்களுக்கும்தான் அது.

எல்லோருக்கும் ஓட்டு 1951-52 தேர்தலில்தான் வந்தது. அப்போது நடந்த ஒரு விஷயம் நம்ம குழுக்காரங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும். பட்டியல் எடுக்க வந்தவர்களிடம் பல பெண்கள் சொந்தப் பேரைச் சொல்லவில்லை. "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய அம்மா" என்றே எழுதச் சொன்னார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென், சொந்தப் பேர் இல்லாமல் சேர்க்க முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்களில் 28 லட்சம் பேர் வரைக்கும் பட்டியலிலிருந்து நீங்கினார்கள். பெரும்பாலும் வடமாநிலங்களில்தான். அவர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். அடுத்த தேர்தலில் பேரைச் சொன்னார்கள் பாருங்கள். நம்ம பக்கமும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். புருஷன் பேரைச் சொல்லாமல் பிள்ளையை முன்னால் தள்ளி "நீ சொல்லுடா" என்ற அம்மாக்களை நாம் ரேஷன் கடையிலேயே பார்த்திருக்கிறோம்.

1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கியபோதும், அதற்குப் பிறகு நம்ம ஊர்ப்பக்கம் வந்தபோதும், முதல் மாசக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் கைநாட்டு. தீர்மானப் புத்தகத்தில் சொந்தப் பேரை எழுதக் கற்றுக்கொண்ட அன்றைக்கு அழுதவர்களை நானே பார்த்திருக்கிறேன். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்ற சட்டம் 2016-ல் வந்தது, 2022-ல் தாம்பரம் மாநகராட்சியின் முதல் மேயராக ஒரு பெண் வந்தார்.

யுத்தம் பழைய கதை என்றும் நினைக்க வேண்டாம். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள் நம்ம மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள், வெளியே வாடகை வீடுகளிலும் இருக்கிறார்கள். முகாம்களிலும் மகளிர் குழு நடக்கிறது. நம்மைப் போலவே சந்தா கட்டி, நம்மைப் போலவே கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் இங்கேயே பிறந்து 40 வயசு ஆகியும் குடியுரிமை கிடைக்காமல், ஓட்டுப் போட முடியாத பெண்கள் அவர்களில் ஏராளம். தேர்தல் நாளை லீவு நாளாக நினைத்துத் தூங்குகிறவர்கள் அவர்களிடம் ஐந்து நிமிஷம் பேசிப் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். நம்ம கூட்டமைப்பு அலுவலகத்தில், சேமிப்புப் பேரேட்டுக்குப் பக்கத்தில், ஒரு நீல நோட்டு வைத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் அம்மாவைப் பெற்ற பாட்டி, அப்பாவைப் பெற்ற பாட்டி, தெரிந்தால் கொள்ளுப்பாட்டி வரைக்கும் கேட்டுக்கொண்டு வாருங்கள். பேர், பிறந்த ஊர், 1942-ல் எங்கே இருந்தார்கள், பர்மாவோ மலேயாவோ போனவர் யாராவது குடும்பத்தில் உண்டா, இவ்வளவு போதும். பேர் தெரியவில்லை என்றால் வரியை வெறுமையாக விட்டுவிடுங்கள், ஊரில் பெரியவர்கள் யாராவது சொன்ன பிறகு நிரப்பிக்கொள்ளலாம். இதுவரை 46 பேர் எழுதியிருக்கிறார்கள். அதில் 17 வரி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.