டாக்-1: ஓர் எதிர்ப்பொருள் விடைசொல்லும் கேள்வி

வெளியூரில் அறுவை சிகிச்சை முடித்து, இரண்டாவது கருத்துக் கேட்கச் சென்னைக்கு வருபவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு சிறிய கவர் இருக்கும். அதற்குள் 'பிளாக்': கட்டியின் ஒரு துணுக்கைப் பாரஃபின் மெழுகில் புதைத்த சிறிய பிளாஸ்டிக் சட்டம். நந்தனம் சிக்னலிலிருந்து கோட்டூர்புரம் பாலம் தாண்டினால், 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம். இந்த வட்டாரத்து ஆய்வகங்களில் சிலவகை இரைப்பைக் கட்டிகளின் பிளாக்குகள் சீவப்படும்போது, அறிக்கையில் இடம்பெறும் வரி 'டாக்-1 பாசிட்டிவ்'. அந்த வரி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

டாக்-1 ஒரு குளோரைடு அயனி வாய்க்கால். ஆனால் அது கண்டறியப்பட்டபோது அப்படி யாருக்கும் தெரியாது. ஜிஸ்ட் எனப்படும் இரைப்பை-குடல் ஸ்ட்ரோமல் கட்டியில் மிகுதியாக வெளிப்படும் மரபணு என்ற அளவில், 'ஜிஸ்ட்டில் கண்டறியப்பட்டது, எண் 1' என்ற பொருளில்தான் ஸ்டான்ஃபோர்டு குழு 2004இல் பெயரிட்டது. செயற்கைப் பெப்டைடுகளை முயலுக்குச் செலுத்தி எடுத்த சீரத்தால், மதிப்பிடத்தக்க 139 ஜிஸ்ட் கட்டிகளில் 136இல் சாயம் ஏறியது. கால்சியத்தால் திறக்கும் குளோரைடு வாய்க்கால் அதுவே என்று மூன்று குழுக்கள் தனித்தனியாகக் காட்டியது 2008இல். நான்கு ஆண்டுகள் ஓர் எதிர்ப்பொருள், தான் பற்றும் புரதத்தின் தொழில் தெரியாமலே நோயை அடையாளம் காட்டியிருக்கிறது. ஆகவே திசுவில் ஏறும் பழுப்புச் சாயம் புரதம் இருப்பதற்கான சான்று மட்டுமே. வாய்க்கால் இயங்குகிறது என்பதற்கு அது சான்றாகாது.

ஜிஸ்ட்டை ஒத்தவை குடல் அசைவுக்குத் தாளம் போடும் கஹால் செல்கள். அவற்றிலும் இப்புரதம் மிகுதி. எலிகளில் இதை நீக்கினால் குடலின் மெதுஅலைகள் நின்றுபோகின்றன. எனவே ஸ்லைடில் சாதாரணக் குடல் தசையும் இருந்தால், அங்கே தசைக்கட்டுகளுக்கிடையே மெல்லிய கிளைகளாகச் சாயமேறும் கஹால் செல்களே நம் உள்கட்டுப்பாடு. ஜிஸ்ட்டின் மற்றொரு குறியான கிட் புரதத்துக்குரிய எதிர்ப்பொருளுக்குத் துணைநிற்கும் மாஸ்ட் செல்களை இங்கே நம்பக் கூடாது. கஹால் செல்களும் வெளுத்திருக்கும் ஸ்லைடில் 'நெகட்டிவ்' என்று எழுதுவது தவறு. சோதனை நடக்கவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். எதிர்ப்பொருளின் குளோன், அதாவது அது எந்த வகைத் தயாரிப்பு என்பதும் முக்கியம்: டாக்1.1, கே9, எஸ்பி31 ஆகியவற்றின் உணர்திறன் ஒன்றல்ல. கே9 கொண்டு 2009இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 1168 ஜிஸ்ட்டுகளில் டாக்-1 94.4 சதவீதம், கிட் 94.7 சதவீதம், இரண்டும் இல்லாதவை 2.6 சதவீதம். குளோன் பெயர் இல்லாத அறிக்கையை இந்த எண்களோடு எப்படி ஒப்பிடுவது?

ஜிஸ்ட்டுக்கான இமாட்டினிப் மருந்தில் சென்னைக்குத் தனி வரலாறு உண்டு. அதன் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்கு எளிதில் காப்புரிமை தராத, இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மறுப்பை உறுதிசெய்தது. மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டிய செலவு சில ஆயிரங்களில் நின்றது அந்த வழியில்தான். அதை மறக்காமல் சொல்கிறேன். ஏனென்றால் மருந்து எட்டும் விலைக்கு வந்த ஊரில், அதைத் தொடங்கச் சொல்லும் ஸ்லைடின் பொறுப்பு கூடுகிறது.

இங்கேதான் என் வாதத்தின் மையம். கிட்டில் சாயம் ஏறாமல் டாக்-1இல் மட்டும் ஏறும் ஜிஸ்ட்டுகளில்தான் இந்த எதிர்ப்பொருள் தன் பெருமையைக் காட்டியது. 2004 ஆய்விலேயே பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணு மாற்றமுள்ள ஏழு கட்டிகளும் அதற்குப் பாசிட்டிவ். ஆனால் அம்மரபணுவில் அடிக்கடி வரும் டி842வி மாற்றம் இமாட்டினிப்புக்கு அடங்குவதில்லை. டாக்-1 மிகவும் உதவும் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு, அது சுட்டுவதாக நாம் எண்ணும் மருந்தே பயன்படாது. எதிர்ப்பொருளின் மீது குற்றமில்லை. 'இது ஜிஸ்ட்டா?' என்ற கேள்விக்கு அது விடை சொல்லிவிட்டது. 'இம்மருந்து கேட்குமா?' என்பதை நாம்தான் அதனிடம் தவறாகக் கேட்கிறோம். அதற்கு எக்ஸான் வாரியான மரபணுச் சோதனை வேண்டும்.

ஆதலால் அறிக்கையில் 'டாக்-1 பாசிட்டிவ்' என்பதற்கு அடுத்து மூன்று சொற்றொடர்களாவது வேண்டும்: எந்தக் குளோன், எந்தக் கட்டுப்பாடு, மரபணுச் சோதனை முடிந்ததா நிலுவையா. கவரில் பிளாக்கைக் கொண்டுவந்தவர் ஊர் திரும்பும்போது, அதே பிளாக்கில் அச்சோதனைக்குப் போதிய திசு மிச்சமிருக்க வேண்டும். சாயச் சோதனைகளுக்காக அதை முழுக்கச் சீவித் தீர்த்துவிடக் கூடாது.