கணக்குக் காட்டாதவனும் அவன் பெரியம்மா பையனும்

போன வருடம் எங்கள் துறை மன்றத்துக்கு நான்தான் பொருளாளர். பிப்ரவரியில் ஒரு கருத்தரங்கு நடத்தினோம். சாப்பாடு, சான்றிதழ் அச்சடிப்பு, விருந்தினருக்குச் சால்வை, மைக் செட் என்று எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கணக்கு மட்டும் முடியவில்லை. பில்கள் எல்லாம் ஒரு ஷூ டப்பாவுக்குள் கிடக்கின்றன. யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. திருடினேனா என்றால் சத்தியமாக இல்லை. 740 ரூபாய் எங்கே போனது என்று தெரியவில்லை, அவ்வளவுதான் :-)

இந்த நிலைமையில்தான் ஆடிட்டிங் தாளுக்குப் படிக்க உட்கார்ந்தேன். எங்கள் பாடப் புத்தகத்தில் வரலாறு என்று ஒன்றரைப் பக்கம் உண்டு. ஆடிட் என்ற சொல், 'கேட்பது' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். 1494-ல் இத்தாலியில் லூக்கா பச்சோலி இரட்டைப் பதிவு முறை பற்றி எழுதினார் என்பார்கள். அடுத்த வரியில் இங்கிலாந்து கம்பெனிச் சட்டம் வந்துவிடும். பச்சோலிக்கு 500 வருடங்களுக்கு மேல் முன்னால், காஞ்சிபுரம் பக்கத்தில் ஓர் ஊர்க்காரர்கள் தணிக்கை விதிகளைச் சுவரில் வெட்டி வைத்தது பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

உத்திரமேரூரைத்தான் சொல்கிறேன். குடவோலை என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வரும். பானை, ஓலை, சின்னப் பையன், ஐந்து மதிப்பெண். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கி.பி. 919, இன்னொன்று 921. தேர்தல் விஷயத்தை எல்லோரும் பேசிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது, தேர்தலில் யாரெல்லாம் நிற்கக்கூடாது என்று சொல்லும் பகுதி. (கல்வெட்டு எழுத்து எனக்குப் படிக்க வராது. அச்சில் வந்த பாடத்தையும் மொழிபெயர்ப்பையும் வைத்துத்தான் பேசுகிறேன்.)

முதலில் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்திருந்தார்கள். இன்றைய வார்டு மாதிரி. குடும்புக்கு ஒருவராக 30 பேர். அதில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். ஏரி வாரியத்துக்குக் கரையையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் வேலை. ஊரின் சோறே ஏரியில் இருக்கும்போது, அதற்கு வரும் பணத்தை யார் கையில் கொடுப்பது என்பது சின்ன விஷயமில்லை. பதவிக்காலம் 360 நாள். அது முடிந்தால் வெளியே போக வேண்டும், பிறகு மூன்று வருடம் எந்த வாரியத்திலும் இருக்க முடியாது. நடுவில் தப்புச் செய்தது தெரிந்தால் உடனே நீக்கம்.

ஓலை எடுக்கும் இடத்தில் ஒரு வரி உண்டு. பையன் எடுத்துக் கொடுக்கும் ஓலையை வாங்குகிறவர், ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். வாங்கி உரக்கப் படிக்க வேண்டும். பிறகு அங்கே இருக்கும் மற்றவர்களும் அதே ஓலையைப் படிக்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை மறைத்து வைத்து மாற்றக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும். இதை எழுதியவர்கள் யாரிடமோ ஏமாந்த பிறகுதான் எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏமாறாதவனுக்கு விரலை விரிக்கச் சொல்லத் தோன்றாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 921 கல்வெட்டு, நிற்கத் தகுதியில்லாதவர்களின் நீண்ட பட்டியலைத் தருகிறது. பெரும் பாவங்கள் செய்தவர், பிறர் பொருளைத் திருடியவர் எல்லாம் அதில் உண்டு. ஆனால் பட்டியலில் முன்னால் வருகிறவர், ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர். அவர் மட்டுமா? அவருடைய சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், தாயோடு பிறந்தவர், தந்தையோடு பிறந்தவர், தன்னோடு பிறந்தவர், மாமனார், மைத்துனர், தங்கை கணவர், மருமகன், தகப்பன், மகன் என்று ஒரு கல்யாணப் பத்திரிகையே போடுகிறார்கள். அத்தனை பேர் பெயரையும் ஓலையில் எழுதக்கூடாது. (சித்தி, பெரியம்மாவுக்குக் கல்வெட்டில் சிற்றவை, பேரவை என்று சொற்கள். பேரவை என்றால் நமக்கு இன்று ஞாபகம் வருவது வேறு!)

இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் வியர்த்தது. என் பெரியம்மா பையன் எங்கள் கல்லூரியிலேயே முதலாமாண்டு படிக்கிறான். இந்த வருடம் மன்றத்தின் இணைச் செயலாளர் பதவிக்கு நிற்கப் போகிறான். உத்திரமேரூராக இருந்தால் என்னால் அவன் பெயர் பானைக்குள்ளேயே போயிருக்காது.

கவனியுங்கள், திருடனுக்குத் தனி விதி இருக்கிறது. கணக்குக் காட்டாதவனுக்கும் தனி விதி இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை. திருட்டை நிரூபிக்க ஆதாரம் வேண்டும், சாட்சி வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கும். கணக்குக் கொடுத்தாயா இல்லையா என்பதற்கு எதுவுமே வேண்டாம். பதில் ஒரே வார்த்தை. 'நான் எடுக்கவில்லையே' என்று நான் மேலே சொன்ன சமாதானம் இந்த விதிக்கு முன்னால் செல்லாது.

இதே யோசனை இன்றைய சட்டத்திலும் இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 164-வது பிரிவு, தொடர்ந்து மூன்று வருடம் நிதி அறிக்கையோ ஆண்டு அறிக்கையோ தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர் ஐந்து வருடத்துக்குப் பதவியில் அமரத் தகுதியற்றவர் என்கிறது. மோசடி செய்தாரா என்று கேட்பதே இல்லை. 2017-ல் மத்திய அரசு இப்படி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்களைத் தகுதிநீக்கம் செய்தது. பெரியம்மா பையனை மட்டும் விட்டுவிட்டார்கள்.

கணக்கு எழுதுகிறவருக்கும் விதி உண்டு. நேர்மையாகச் சம்பாதித்தவராக இருக்க வேண்டும். தன் காலத்துக் கணக்கைப் பெரியவர்களிடம் ஒப்படைத்து, சரிதான் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மறுபடி அந்த வேலைக்கு வரலாம். தான் எழுதிய கணக்கைத் தானே முடித்துத் தர வேண்டும், இன்னொரு கணக்கன் புகுந்து முடிக்கக்கூடாது. இது ஏன் என்று எந்த அலுவலகத்தில் வேலை பார்ப்பவரைக் கேட்டாலும் சொல்வார். 'அது போன ஆள் எழுதினதுங்க, எனக்குத் தெரியாது' என்ற பதில் ஆயிரம் வருடம் முன்னாலும் இருந்திருக்கிறது.

919-ல் ஒரு விதி போட்டார்களே, பிறகு எதற்கு 921-ல் இன்னொன்று? வயது வரம்பைப் பாருங்கள். முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வரை, இரண்டாவதில் 35 முதல் 70 வரை. அதாவது ஒரு முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்து, இரண்டே வருடத்தில் உட்கார்ந்து பார்த்து, திருத்தி, திருத்தியதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். மேலாண்மைத் தாளில் 'திட்ட மதிப்பாய்வு' என்று பத்து மதிப்பெண்ணுக்கு நாங்கள் எழுதுவது இதைத்தான்.

அர்த்தசாஸ்திரத்திலும் தணிக்கை வருகிறது. அதிகாரிகள் பணத்தைச் சுருட்டுவதற்கு 40 வழிகள் என்று அது எண்ணிக்கையே கொடுக்கிறது. ஆஷாட மாதத்தில் எல்லோரும் முத்திரையிட்ட கணக்கேடுகளோடு தலைநகருக்கு வர வேண்டும், வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளக்கூடாது. அங்கே ராஜா வேலைக்காரனைச் சந்தேகிக்கிறார். உத்திரமேரூரில் ஊர்ச்சபை தன்னைத்தானே சந்தேகிக்கிறது. இரண்டாவதுதான் கஷ்டம் என்பது என் கட்சி. நாளைக்கும் அதே தெருவில்தானே நடக்க வேண்டும்?

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நானும் கணக்கை மறைத்தவன் ஆவேன். இது ஊரில் எல்லோருக்குமான ஜனநாயகம் இல்லை. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களின் சபை. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். வேதம் கூடுதலாகப் படித்தவருக்கு அரைக்கால் வேலி போதும். பெண்களுக்கும், ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்களுக்கும் பானையில் ஓலை கிடையாது. கணக்குக் கேட்கும் உரிமையும் அந்த வட்டத்தோடு நின்றுவிட்டது. 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று மேடையில் முழங்குபவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நேற்று ராத்திரி டப்பாவைக் கட்டிலில் கொட்டினேன். 740-ல் 500 மைக் செட்காரருக்குக் கொடுத்த முன்பணம், துண்டுச் சீட்டு கிடைத்தது. மீதி 240-க்கு எதுவும் இல்லை. மன்றத் தேர்தலுக்குப் பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழன் மதியம் துறைத் தலைவர் அறையில் கணக்கை வைக்கிறேன், 240 என் கையிலிருந்து போட்டு, போட்டேன் என்று கடைசி வரியில் எழுதி. தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அதான் யாருமே கேக்கலையேண்ணா" என்றான்.