மன்னிப்புக்கு முன்னால் ஒரு தீர்ப்பு: லிங்கனின் இரண்டாம் பதவியேற்புரை

ஆப்ரகாம் லிங்கன் 1865 மார்ச் 4 அன்று நிகழ்த்திய இரண்டாம் பதவியேற்புரையைக் கடைசி வாக்கியத்திலிருந்து பின்னோக்கி வாசிப்பது நெடுநாள் வழக்கம். எவர்மீதும் பகையின்றி, எல்லோரிடமும் பரிவோடு என்று தொடங்கும் அந்த வாக்கியமே உரையின் சாரம், முன்னால் உள்ளதெல்லாம் அதற்கான பீடிகை என்று இவ்வாசிப்பு கொள்கிறது. உரையின் சொல்லமைப்பு இதற்கு இடங்கொடுக்கவில்லை.

ஏறத்தாழ 700 சொற்களே கொண்ட இவ்வுரையில் நான்கு பத்திகள் உள்ளன. மூன்றாம் பத்தி மட்டுமே பாதிக்கும் மேல். மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்கினர் அடிமைகள் என்ற கணக்கோடு அது தொடங்குகிறது. குற்றங்களைப் பற்றிய மத்தேயு 18:7 வசனத்தை எடுத்தாண்ட பிறகு, உரையின் மிகச் சிக்கலான வாக்கியம் வருகிறது: அமெரிக்க அடிமைமுறை அத்தகைய குற்றங்களில் ஒன்று என்று நாம் கொண்டால், அதற்கான துன்பமாகவே இறைவன் இந்த உள்நாட்டுப் போரை வடக்கு, தெற்கு இரண்டுக்கும் தருகிறான் என்று கொண்டால், இறைவனுக்குரிய இயல்பிலிருந்து இது விலகியதாகுமா?

விவாதம் முழுவதும் இந்தக் 'கொண்டால்' என்பதில்தான். அது வெறும் அனுமானம், குற்றச்சாட்டு அன்று என்பது பழைய வாதம். ஆனால் வாக்கியம் ஒரு கேள்வியாக முடிகிறது. இறைநம்பிக்கை உள்ள கேட்போர் 'இல்லை' என்று மட்டுமே விடை சொல்ல முடியும். அடுத்து வருவது கடன் கணக்கின் மொழி. 250 ஆண்டு கூலியில்லா உழைப்பு குவித்த செல்வம் மூழ்கும்வரை, சவுக்கு சிந்திய ஒவ்வொரு துளி இரத்தத்தையும் வாள் சிந்தும் இரத்தம் ஈடுசெய்யும்வரை போர் தொடர்வது இறைவன் சித்தமானாலும், அவன் தீர்ப்பு நீதியானதே என்று 19-ஆம் சங்கீதத்தின் துணையோடு பத்தி முடிகிறது. போர் நீளுமா என்பதில் நிபந்தனை உண்டு. தீர்ப்பின் நீதியில் இல்லை.

1861-இன் முதல் பதவியேற்புரையோடு ஒப்பிட்டால் மாற்றம் துலங்கும். அதில் அடிமைமுறை நிலவும் மாநிலங்களில் தலையிடும் நோக்கமில்லை என்று உறுதியளித்த லிங்கன், உள்நாட்டுப் போர் மூளுமா என்பது அதிருப்தியுற்ற சக நாட்டவரின் கையில்தான், தன் கையில் இல்லை என்றார். 'நீங்கள்', 'நான்' என்ற பிரிவினையே அவ்வுரையின் முதுகெலும்பு. 1865-இல் 'நான்' ஒரே ஒருமுறை வருகிறது. அடிமைமுறைக்குத் 'தெற்கத்திய' என்றல்ல, 'அமெரிக்க' என்றே அடைமொழி.

இரு தரப்பையும் லிங்கன் சமமாக்கிவிட்டார் என்ற மறுப்பு நிற்காது. ஒரு தரப்பு போரைத் தொடுத்தது, மற்றது ஏற்றது என்று இரண்டாம் பத்தி தெளிவாகவே பிரிக்கிறது. போரைத் தொடங்கிய பழி ஒருவர்மேல். அடிமைமுறையின் பழி இருவர்மேலும்.

மூன்றாம், நான்காம் பத்திகளை இணைக்கும் 'ஆகவே' போன்ற சொல் எதுவும் உரையில் இல்லை. தொடர்பை நாம்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஆயினும் ஒரே கடனில் நிற்பவர்களுக்குள் பகைக்கு என்ன உரிமை என்ற கேள்வி, கடைசி வாக்கியத்தின் பரிவுக்கு அடியில் இருப்பதாகவே தோன்றுகிறது. பகையின்மை, பரிவு ஆகிய இரண்டையும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவற்றை அடுத்துவரும் மூன்றாவதான 'நியாயத்தில் உறுதி' அடிக்கடி விடுபட்டுப்போகிறது.

இவையெல்லாம் வெற்றியின் விளிம்பில் நின்ற அரசியல்வாதியின் உத்தி என்போர், மார்ச் 15 அன்று அரசியல் தலைவர் தர்லோ வீட் என்பவருக்கு லிங்கன் எழுதிய கடிதத்தைப் பார்க்கலாம். உரை உடனே மக்களுக்குப் பிடிக்கும் என்று அவர் நம்பவில்லை. இறைவனின் நோக்கம் வேறு, தங்கள் நோக்கம் வேறு என்று சுட்டிக்காட்டப்படுவதை மனிதர்கள் விரும்புவதில்லை என்கிறார். சொல்லியாக வேண்டிய உண்மை அது. அதிலுள்ள தாழ்வு யாரையும்விட நேராகத் தன்மீதே விழுவதால், தானே அதைச் சொல்வதைப் பிறர் பொறுத்துக்கொள்ளக்கூடும் என்றும் எழுதுகிறார்.